ரத்தம் நார்மல், விரல் மட்டும் மடங்கவில்லை: முடக்குவாதத்தில் அல்ட்ராசவுண்டு என்ன சொல்லும்?

மொரிஷியஸின் காத்ர் போர்னிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது. ஏழு வருடமாக முடக்குவாதம், அதை அடக்க வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் நார்மல். ஆனாலும் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. தைப்பூசக் காவடிக்குப் பால்சொம்பு ஏந்தி வெறுங்காலில் நடந்த பிறகு முன்பாத வலி விடவே இல்லை. டாக்டர் கைக்கு அல்ட்ராசவுண்டு எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டில் "வலது மணிக்கட்டு: கிரே ஸ்கேல் 2, பவர் டாப்ளர் 1. ஆள்காட்டி விரல் அடிமூட்டு: கிரே ஸ்கேல் 1, டாப்ளர் 0" என்று இருக்கிறது. எக்ஸ்ரே போதாதா, இந்த எண்களுக்கு என்ன அர்த்தம், மருந்தைக் கூட்ட வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இந்த ஸ்கேனை எடுப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் எழுதிக் கொடுத்தது சரியான முடிவு. ஏனென்றால் அம்மாவின் கை ஒன்று சொல்கிறது, ரத்தம் வேறொன்று சொல்கிறது. இப்படி முரண்படும்போதுதான் அல்ட்ராசவுண்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஆனால் அதில் வந்த எண்ணை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டக் கூடாது. இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

முடக்குவாதத்தில் முதலில் கெடுவது எலும்பு அல்ல. மூட்டின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, சைனோவியம் என்பார்கள், அதுதான் முதலில் வீங்கித் தடிக்கிறது. அதற்குள் புதிதாகச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அந்தத் தடித்த சவ்வு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரித்துக்கொண்டே போகும். எக்ஸ்ரேயில் சவ்வு தெரியாது, அரித்து முடித்த பள்ளம்தான் தெரியும். 2000-ம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. 100 நோயாளிகளின் விரல் அடிமூட்டுகளை எக்ஸ்ரேயிலும் அல்ட்ராசவுண்டிலும் பார்த்தார்கள். எக்ஸ்ரே 32 அரிப்புகளைக் காட்டியது, அல்ட்ராசவுண்டு 127 காட்டியது. ஆரம்பக்கட்ட நோயில் வித்தியாசம் இன்னும் அதிகம், ஆறு மடங்குக்கு மேல். அதற்காக எக்ஸ்ரே வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டு வருட இடைவெளியில் கை முழுவதையும் ஒரே பார்வையில் ஒப்பிட இன்றும் எக்ஸ்ரேதான் வசதி. இன்றைக்கு அழற்சி இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் அதனிடம் பதில் கிடையாது.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். மூட்டு ஸ்கேனில் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறோம். கருப்பு வெள்ளைப் படத்தில், அதாவது கிரே ஸ்கேலில், சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்கிறோம். பவர் டாப்ளரைப் போட்டால் அந்தச் சவ்வுக்குள் ரத்தம் ஓடும் இடமெல்லாம் ஆரஞ்சு, சிவப்புப் புள்ளிகளாக மின்னும். இரண்டுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு கொடுப்போம். டாப்ளர் 1 என்றால் சவ்வுக்குள் தனித்தனியாக ஓரிரண்டு அல்லது மூன்று புள்ளிகள். 2 என்றால் அதைவிட அதிகம், ஆனால் தடித்த சவ்வின் பாதிப் பரப்புக்குள். பாதியைத் தாண்டினால் 3. ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்பான இயூலாரும் அளவீடுகளைச் சீராக்கும் ஓமெராக்ட் குழுவும் சேர்ந்து 2017-ல் இதை ஒரே முறையாக்கி வெளியிட்டன. அதனால் போர்ட் லூயிஸில் எடுத்த ரிப்போர்ட்டைச் சென்னையில் இருக்கும் டாக்டரும் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது.

மணிக்கட்டில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். புறங்கையின் நடுவில் ப்ரோபை, அதாவது தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியை, நீளவாக்கில் வைத்தால், திரையில் மூன்று எலும்புகளின் மேல்விளிம்பு வெள்ளைக் கோடுகளாக வரிசையில் தெரியும். முதலில் முன்கை எலும்பின் நுனி, அடுத்து மணிக்கட்டின் சின்ன எலும்புகள் இரண்டு. அவற்றுக்கு இடையே உள்ள பள்ளங்கள் நல்ல மூட்டில் ஏறக்குறைய காலியாக இருக்கும். அழற்சி உள்ள மூட்டில் அந்தப் பள்ளம் சாம்பல் நிறத்தில் நிரம்பி, எலும்பின் விளிம்பைத் தாண்டி மேல்நோக்கிப் புடைக்கும். அதற்குள் டாப்ளர் புள்ளி இதயத் துடிப்போடு சேர்ந்து வந்து வந்து மறையும். பல வருடம் வலியோடு இருந்தவர்களுக்குத் திரையைத் திருப்பி இதைக் காட்டினால் முகம் மாறிவிடும். தன் வலியைக் கண்ணால் பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

ஆனால் அந்தப் புள்ளி எடுக்கும் கையைப் பொறுத்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. ப்ரோபைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் போதும், அந்த நுண்ணிய குழாய்கள் நசுங்கி ரத்தம் நின்றுவிடும், டாப்ளர் 2 இருக்கும் மூட்டு 0 ஆகிவிடும். அதனால் ஜெல்லைத் தாராளமாக வைத்து, ப்ரோப் தோலில் மிதப்பதுபோல் பிடிக்க வேண்டும். விரல் மடங்கியிருந்தாலும் சவ்வு இழுபட்டு ஓட்டம் குறையும். கை மேசையில் தளர்வாகப் படுத்திருக்க வேண்டும். கை சில்லிட்டிருந்தாலும் புள்ளி குறையும். ஜூலை மாதத்தில் கியூர்பிப் மழைக்குளிரில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்த கையை உடனே ஸ்கேன் செய்வது நியாயமில்லை, பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து கை சூடாகட்டும். மெஷினில் டாப்ளர் அமைப்பும் முக்கியம். பழைய ரேடியோவில் இரைச்சல் வரும் வரை ஒலியைக் கூட்டி, அப்புறம் ஒரு மயிரிழை குறைப்போமே, டாப்ளரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் கலர் கெயினையும் அப்படித்தான் வைக்கிறோம். கர்ப்பகால ஸ்கேனுக்கு வைத்திருக்கும் வளைந்த ப்ரோபால் விரல் மூட்டைப் பார்த்துப் பயனில்லை. 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் நேர் ப்ரோப் வேண்டும். ஸ்கேனுக்கு நேரம் வாங்கும்போதே "முடக்குவாதத்துக்குக் கைமூட்டு பார்க்க வேண்டும், பவர் டாப்ளரோடு" என்று சொல்லி, அந்த வேலையில் பழக்கம் உள்ளவர்தானா என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொன்று வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரைகள் வீக்கத்தையும் டாப்ளரையும் தற்காலிகமாகக் குறைத்துக் காட்டும். ஸ்கேனுக்கு முன் அதை நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். நிறுத்தாவிட்டாலும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை ஸ்கேன் செய்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்கேனுக்காக நிறுத்த வேண்டாம்.

சரி, அம்மாவின் எண்கள். ஆள்காட்டி விரலில் கிரே ஸ்கேல் 1, டாப்ளர் 0 என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முடக்குவாதமே இல்லாத ஆட்களிடமும், அதுவும் வயதானவர்களிடம், இந்த அளவு தடிப்பு சகஜமாகப் பார்க்கிறோம். நோய் அடங்கிய பிறகும் சவ்வு பழைய மெலிவுக்குத் திரும்ப நீண்ட காலம் எடுக்கும். சிலருக்குத் தழும்பாகித் தடிப்பு அப்படியே நின்றுவிடும். மணிக்கட்டில் இருக்கும் 2-ம் 1-ம் வேறு. டாப்ளர் ஒன்றுதான் என்றாலும் அது பூஜ்யம் இல்லை. தடிப்பும் ஓட்டமும் ஒரே இடத்தில் இருக்கின்றன, காலை இறுக்கமும் முக்கால் மணி நேரம் நீடிக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கொஞ்சம் அழற்சி மிச்சம் இருக்கிறது என்றுதான் நான் படிப்பேன்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை ஏன் நார்மல்? ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் உடம்பு முழுவதற்குமான அளவுகள். ஒரு மணிக்கட்டில், இரண்டு கால்விரலில் இருக்கும் அழற்சி அவற்றை உயர்த்தாமலே போகலாம். மறுபக்கம், ஈஎஸ்ஆர் வயதாலும் ரத்தசோகையாலும் தானாகவே ஏறும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் என்ற ஊசி போடுகிறவர்களுக்குச் சிஆர்பியை உண்டாக்கும் பாதையையே அந்த ஊசி அடைத்துவிடுகிறது. மூட்டு எரிந்துகொண்டிருந்தாலும் ரத்தத்தில் சிஆர்பி பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். அவர்களிடம் ரத்தத்தை நம்பி இருக்கவே முடியாது, மூட்டைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

2006-ல் வந்த இன்னொரு லீட்ஸ் ஆய்வில், நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன 107 பேரை ஸ்கேன் செய்தார்கள். வலியும் இல்லாமல், தொட்டுப் பார்த்தும் நன்றாக இருந்தவர்களிலேயே 73 சதவீதம் பேருக்குச் சவ்வு தடித்திருந்தது, 43 சதவீதம் பேருக்கு டாப்ளர் தெரிந்தது. 2008-ல் அதே குழு ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, டாப்ளர் இருந்த மூட்டுகளில் எலும்புச் சேதம் கூடும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. அமைதியாக இருக்கும் மூட்டு எல்லாம் அடங்கிய மூட்டு அல்ல என்பது அன்று உறுதியானது.

இதைப் படித்தால் எல்லோருக்கும் ஒரு எண்ணம் வரும்: அப்படியானால் டாப்ளர் பூஜ்யமாகும் வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே? எனக்கும் அது நியாயமாகவே பட்டது, உலகம் முழுக்கப் பலருக்கும் பட்டது. அதனால்தான் நார்வேயில் ஆர்க்டிக் என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆரம்பக்கட்ட முடக்குவாதம் உள்ள 238 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஸ்கேனையும் சேர்த்து, டாப்ளர் அடங்கும் வரை சிகிச்சை. மறுபாதிக்கு டாக்டர் கையால் பார்ப்பதும் ரத்தப் பரிசோதனையும் மட்டும். இரண்டு வருட முடிவு 2016-ல் வந்தது. வீங்கிய மூட்டே இல்லாமல், நோய் அடங்கிய நிலை நீடித்து, எக்ஸ்ரேயிலும் சேதம் கூடாமல் இருந்தவர்கள் ஸ்கேன் பக்கம் 22 சதவீதம், மற்றப் பக்கம் 19 சதவீதம். புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. ஆனால் ஸ்கேன் பக்கத்தில் விலையுயர்ந்த உயிரியல் மருந்துகள் அதிகம் போயிருந்தன. கிளாஸ்கோவில் 111 பேரிடம் செய்த டேசர் ஆய்விலும் முக்கிய அளவுகோலில் ஸ்கேன் கூடுதல் பலன் காட்டவில்லை.

இதிலிருந்து ஸ்கேன் வீண் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஆய்வுகளில் இரண்டு பக்கத்து நோயாளிகளையும் அடிக்கடி வரவழைத்து, ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து, இலக்கு வைத்து மருந்து மாற்றினார்கள். அவ்வளவு கவனமாகப் பார்த்தால் எல்லோருக்கும் வழக்கமாக ஸ்கேன் தேவைப்படாது, அவ்வளவுதான். முரண்பாடு இருக்கும் ஒருவருக்கு அது உதவாது என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை, அந்தக் கேள்வியை அவை கேட்கவே இல்லை. டாப்ளர் 1-ஐத் துரத்திக்கொண்டு மருந்தை ஏற்றினால், பலன் தெளிவில்லாமல் கிருமித் தொற்றும் கல்லீரல் தொல்லையும்தான் நோயாளிக்கு மிஞ்சும். அதனால்தான் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், எனக்கு அது இன்னும் முக்கியம். வலி அதிகம், தொட்டால் எல்லா மூட்டும் வலிக்கிறது, நோய் மதிப்பெண் ஏறுகிறது, டாக்டர் ஊசி மருந்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறார். ஸ்கேன் செய்தால் சவ்வு சாதுவாக இருக்கும், டாப்ளர் எங்கும் 0. வலி உண்மைதான், ஆனால் அது அழற்சி வலி இல்லை. விரல் நுனிமூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், அழற்சி இல்லாமலே உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம், தூக்கமில்லாத உடம்பின் வலியாக இருக்கலாம். அங்கே பலமான மருந்தைத் தடுத்து நிறுத்துவது ஸ்கேன் செய்யும் பெரிய உபகாரம்.

நம் தீவில் இருப்பவர்கள் சிக்குன்குன்யாவை மறக்க முடியாது. 2005-06-ல் பக்கத்துத் தீவான ரியூனியனில் மூன்றில் ஒருவரைப் பிடித்தது, இங்கேயும் பரவியது. 2025-ல் மறுபடி ரியூனியனைப் பெரிதாகத் தாக்கி மொரிஷியஸுக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும், மணிக்கட்டு, விரல், கணுக்கால் வலி பலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, காலையில் இறுக்கத்தோடு வருவதால் முடக்குவாதம் போலவே இருக்கும். ஸ்கேனிலும் சவ்வுத் தடிப்பு, தசைநாண் உறையில் நீர், டாப்ளர் எல்லாம் தெரியும். படத்தை மட்டும் பார்த்து இது சிக்குன்குன்யா, இது முடக்குவாதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. காய்ச்சல் எப்போது வந்தது, முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, எலும்பில் அரிப்பு விழுகிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ரியூனியன் மருத்துவர்கள் 2009-ல், சிக்குன்குன்யாவுக்குப் பிறகு முடக்குவாதமாகவே மாறிய 21 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு நோய் ஏழு வருடப் பழசு. ஆனாலும் சமீபத்தில் காய்ச்சல் வந்து அதன் பிறகு வலி கூடியதா என்று ஒருமுறை நினைவுபடுத்திப் பாருங்கள். கூடியிருந்தால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அப்புறம் பாதம். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். டாக்டர்கள் வழக்கமாகப் போடும் டிஏஎஸ்28 என்ற மதிப்பெண்ணில் 28 மூட்டுகள் உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால் எல்லாம் இருக்கும், பாதம் இல்லை. 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியது என்று எழுதிவிடுவார்கள், கால்விரல் அடிமூட்டு வீங்கியிருந்தாலும். முடக்குவாதம் ஆரம்பத்திலேயே பிடிக்கும் இடங்களில் ஒன்று சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் ஐந்தாவது கால்விரல் அடிமூட்டு. எலும்பு அரிப்பு அங்கே சீக்கிரம் விழும். ஜெர்மானிய மருத்துவர்கள் உருவாக்கிய ஏழு மூட்டு ஸ்கேன் முறையில் மணிக்கட்டோடும் நான்கு விரல் மூட்டுகளோடும் இரண்டாவது, ஐந்தாவது கால்விரல் மூட்டுகளையும் சேர்த்தது அதனால்தான். அம்மா காவடி நாளில் அவ்வளவு தூரம் நடந்தார், பாதம் வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். நடந்த வலி சில நாளில் அடங்கியிருக்க வேண்டும். கையை மட்டும் ஸ்கேன் எடுத்தது பாதி வேலை. முன்பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே டாப்ளர் 2 வந்தால் முடிவே மாறும்.

மருந்து பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வியை வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். காவடி விரதத்தின் பத்து நாளில் மாத்திரை விட்டுப்போனதா? விரத நாளில் மருந்து சாப்பிடத் தயங்குகிறவர்களை நான் வருடந்தோறும் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, பக்தியோடு இருக்கும்போது மாத்திரை இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறைதான் என்பதால், பத்து நாளில் ஒன்றிரண்டு டோஸ் போய்விட்டாலே சிலருக்கு மூட்டு காட்டிக்கொடுக்கும். விட்டுப்போயிருந்தால் ஒழுங்காகச் சாப்பிட்டு மறுபடி பார்ப்பதுதான் முதல் படி. விட்டுப்போன டோஸுக்கு ஈடாகச் சேர்த்துச் சாப்பிடவே கூடாது, அது ஆபத்து. ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி என்றால், வாரத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 15-க்கு மேல் போகும்போது வாய்வழி மாத்திரை முழுதாக உடம்பில் சேராது. அதே அளவைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டால் கூடுதலாகச் சேரும். புது மருந்துக்குப் போகும் முன் டாக்டரிடம் இதைக் கேட்கலாம்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முடக்குவாதம் உள்ளவருக்குத் திடீரென்று கெண்டைக்கால் வீங்கி வலித்தால், முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நீர்க்கட்டி உடைந்திருக்கலாம். காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்தாலும் அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிய 1972-லேயே அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தினார்கள், மூட்டுநோயில் அதன் முதல் உபயோகங்களில் அது ஒன்று. அப்படி ஒரு நாள் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? காலண்டர் பார்த்து எடுக்கத் தேவையில்லை. மருந்தை மாற்றினால் மூன்று மாதமாவது போகட்டும். டாப்ளர்தான் முதலில் குறையும், சவ்வுத் தடிப்பு மெதுவாகத்தான் இறங்கும். ஒரு மாதத்தில் எடுத்துவிட்டுக் குறையவில்லையே என்று மனம் உடைவதில் அர்த்தமில்லை. நோய் நன்றாக அடங்கி மருந்தைக் குறைக்கலாம் என்ற பேச்சு வரும்போது ஒருமுறை கண்டிப்பாக எடுக்கலாம். டாப்ளர் மிச்சம் இருக்கும்போது மருந்தைக் குறைத்தால் நோய் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம். மற்ற நாட்களில், கையும் ரத்தமும் அம்மா சொல்வதும் ஒத்துப்போகும் வரை ஸ்கேன் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் இலவசம் என்றாலும் காத்திருக்க வேண்டும், தனியாரில் கைக்காசு போகும். எடுக்கும்போதெல்லாம் முடிந்தவரை அதே இடத்தில், அதே மெஷினில், அதே ஆளிடம் எடுங்கள். மெஷினுக்கு மெஷின் டாப்ளரின் கூர்மை வேறு. போன முறை 2, இந்த முறை 1 என்பது மூட்டு மாறியதா, மெஷின் மாறியதா என்று அப்போதுதான் தெரியும். ரிப்போர்ட் தாளோடு படங்களையும் சிடியிலோ பிரின்ட்டிலோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பார்க்கப்போகும் டாக்டருக்கு எண்ணைவிடப் படம் உதவும்.